சிறைக்குப் போனவரின் வாக்கு: நாம் வாழும் நாடுகளின் சட்டமும் தாயகத்தின் சட்டமும்

தேர்தல் காலம் வந்துவிட்டால் எமது வீடுகளில் பேச்சுக்குக் குறைவிருக்காது. எந்தக் கட்சி குடிவரவாளர்களுக்குச் சாதகம், எந்த வேட்பாளர் தைப்பொங்கல் விழாவுக்கு வந்தார், யார் எமது நினைவு நாட்களில் பேசினார் என்றெல்லாம் அலசுகிறோம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறோம். குற்றம் ஒன்றுக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு வாக்களிக்கும் உரிமை உண்டா? சிறைக்குள் இருக்கும்போது உண்டா? வெளியே வந்த பின்னர் உண்டா?

இந்தக் கேள்வி எமக்கு இரண்டு பக்கங்களால் நெருக்கமானது. முதலாவது, நாம் குடியேறிய நாடுகளில் எமது பிள்ளைகளில் சிலரும் சிறை சென்றிருக்கிறார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் குழுச் சண்டைகளால் இளைஞர்கள் நீதிமன்றப் படியேறிய காலம் ஒன்று இருந்ததை நாம் எல்லோரும் அறிவோம். வீட்டு வன்முறை, மோசடி, மதுபோதையில் வாகனம் ஓட்டியமை போன்ற காரணங்களுக்காகத் தண்டனை பெற்றவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். இரண்டாவது, தாயகத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் சிறையில் இளமையைக் கழித்தவர்கள் எமது அண்ணன்மார், மச்சான்மார், ஊரவர்கள்.

‘வழக்கிலே அகப்பட்டவனுக்கு இனி வோட்டு இல்லை’ என்ற பேச்சு எம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது. எமது மக்கள் அதிகமாக வாழும் நாடுகள் பெரும்பாலானவற்றில் இது சரியல்ல. ஆனாலும் அந்த நம்பிக்கையால் சட்டம் பறிக்காத உரிமையையும் சிலர் தாமாகவே கைவிட்டுவிடுகிறார்கள். ஆகவே எந்த நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது, ஏன் அப்படிச் சொல்கிறது என்பதை இங்கே ஒழுங்காகப் பார்ப்போம்.

கனடா: சிறைக்குள்ளும் வாக்கு

கனடாவில் சிறைக்கைதிகளுக்கு வாக்கில்லை என்ற சட்டம் 1898 ஆம் ஆண்டிலிருந்து இருந்து வந்தது. 1982 இல் உரிமைகளுக்கும் சுதந்திரங்களுக்குமான சாசனம் நடைமுறைக்கு வந்தபோது நிலைமை மாறியது. அச்சாசனத்தின் 3 ஆம் பிரிவு கனேடியக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை உண்டு என்கிறது. ‘குற்றம் செய்யாத குடிமக்கள்’ என்று அங்கே எழுதப்படவில்லை.

கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்ற றிச்சார்ட் சோவே என்பவர் இந்தப் பிரிவை வைத்து வழக்குத் தொடுத்தார். 1993 இல் கனேடிய உச்ச நீதிமன்றம் கைதிகள் அனைவருக்குமான தடை செல்லாது என்றது. அதற்கிடையில் பாராளுமன்றம் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும் தடை என்று சட்டத்தை மாற்றியிருந்தது. சோவே மறுபடியும் நீதிமன்றம் சென்றார். 2002 ஒக்டோபர் 31 ஆம் திகதி 5 நீதிபதிகள் ஒரு பக்கமும் 4 பேர் மறுபக்கமுமாகப் பிரிந்து வழங்கிய தீர்ப்பில் அந்தத் தடையும் விழுந்தது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பிரதம நீதியரசர் பெவெர்லி மக்லாக்லின். அரசாங்கம் இரண்டு காரணங்களைச் சொல்லியிருந்தது. வாக்கை மறுப்பதால் குடிமைப் பொறுப்பும் சட்டத்தின் மீதான மதிப்பும் வளரும் என்பது ஒன்று. அது தண்டனையின் ஒரு பகுதி என்பது மற்றது. வாக்கைப் பறித்து ஒருவருக்கு ஜனநாயகத்தைக் கற்பிக்க முடியாது, மாறாக அதைக் கற்பிக்கும் ஒரு வழியையே நாம் இழக்கிறோம் என்று அவர் விளக்கினார். சட்டம் இயற்றும் அதிகாரமே மக்களின் வாக்கிலிருந்து வருகிறது, அப்படியிருக்க அந்த மக்களில் யார் தகுதியானவர் என்று சட்டம் இயற்றுபவர்கள் பொறுக்கி எடுப்பது தலைகீழான செயல் என்பதே தீர்ப்பின் சாரம். சிறைகளில் பூர்வகுடி மக்களின் விகிதம் அளவுக்கதிகமாக இருப்பதால் அவர்களின் குரலையே இத்தடை அதிகம் குறைக்கிறது என்பதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

மாறுபட்ட நான்கு நீதிபதிகளின் வாதத்தையும் இலேசாகத் தள்ளிவிட முடியாது. பாரிய குற்றம் செய்தவரைச் சமூகம் கண்டிக்கிறது என்பதைக் காட்டத் தற்காலிகமாக வாக்கை நிறுத்தி வைப்பது நியாயமான ஒரு தெரிவு, அத்தெரிவைச் செய்ய வேண்டியது மக்கள் தேர்ந்தெடுத்த பாராளுமன்றம் என்று அவர்கள் கருதினார்கள்.

நடைமுறை எளிதானது. கனேடியச் சமஷ்டித் தேர்தலில் சிறையில் உள்ள குடிமக்கள் பொதுவான வாக்களிப்பு நாளுக்குச் சில நாட்கள் முன்னதாகவே, சிறைக்குள் அமைக்கப்படும் வாக்களிப்பு நிலையத்தில் விசேட வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரை எழுதி வாக்களிக்கிறார்கள். அந்த வாக்கு சிறை அமைந்திருக்கும் தொகுதிக்குச் சேராது. ஸ்காபரோவில் வாழ்ந்த ஒருவர் கிங்ஸ்ரன் சிறையில் இருந்தாலும் அவருடைய வாக்கு பொதுவாக ஸ்காபரோவில் அவர் வாழ்ந்த தொகுதியிலேயே எண்ணப்படும். விடுதலையாகி வந்தவர், பரோலில் இருப்பவர், நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர் ஆகியோருக்கு மற்றக் குடிமக்களைப் போலவே முழு உரிமை உண்டு.

இதே கனடாவில் குற்றம் எதுவும் செய்யாமலேயே தோலின் நிறத்துக்காக வாக்கு மறுக்கப்பட்ட காலமும் இருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் தெற்காசியர்களின் வாக்குரிமை 1907 இல் பறிக்கப்பட்டு 1947 இல்தான் திரும்பக் கிடைத்தது. வாக்காளர் பட்டியலில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பது எந்த நாட்டிலும் எளிதாகத் தீர்ந்த கேள்வி அல்ல.

பிரித்தானியா: பாராளுமன்றம் விட்டுக்கொடுக்காத தடை

பிரித்தானியாவின் கதை இதற்கு நேர் எதிரானது. பாரிய குற்றவாளிகள் குடிமை உரிமைகளை இழப்பார்கள் என்ற பழைய கருத்து 1870 ஆம் ஆண்டின் உடைமை பறிமுதல் சட்டத்தில் இடம்பெற்றது. குற்றங்களின் பழைய வகைப்பாடு 1967 இல் ஒழிக்கப்பட்டபோது அத்தடை தளர்ந்தது. ஆனால் 1969 இல் புதிய சட்டம் கொண்டுவந்து கைதிகளுக்கான தடையை மீண்டும் உறுதி செய்தார்கள். இன்று நடைமுறையில் இருப்பது 1983 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு. குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டுத் தடுத்து வைக்கப்பட்டிருப்பவர் அக்காலத்தில் வாக்களிக்க முடியாது என்கிறது அது. ஒரு மாதத் தண்டனையானாலும் ஆயுள் தண்டனையானாலும் விதி ஒன்றே.

ஜோன் ஹேர்ஸ்ற் என்ற கைதி இதை எதிர்த்து ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்றார். அவர் உயிர்ப்பறிப்புக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1980 இல் ஆயுள் தண்டனை பெற்றவர். 2005 ஒக்டோபர் 6 ஆம் திகதி அந்நீதிமன்றத்தின் பேராயம் 12 க்கு 5 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கைதிகள் அனைவருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை. குற்றத்தின் பாரதூரத்தையோ தண்டனைக் காலத்தையோ பாராமல் எல்லோரையும் ஒரே அடியாக விலக்கும் தடை அளவுக்கு மிஞ்சியது என்பதே தீர்ப்பு.

அதன் பின்னர் நடந்தது பல ஆண்டு இழுபறி. அன்றைய பிரதமர் டேவிட் கமரூன் கைதிகளுக்கு வாக்குக் கொடுப்பதை நினைத்தாலே தமக்குக் குமட்டுகிறது என்ற கருத்துப்படப் பாராளுமன்றத்தில் பேசினார். 2011 பெப்ரவரி 10 ஆம் திகதி மக்கள் சபை 234 க்கு 22 என்ற வாக்குகளால் தடை தொடர வேண்டும் என்று தீர்மானித்தது. 2015 இல் ஸ்ட்ராஸ்பேர்க் நீதிமன்றம் 1,015 கைதிகளின் முறைப்பாடுகளை ஒன்றாக எடுத்து, அவர்களது உரிமை மீறப்பட்டதாகக் கூறியது. ஆனாலும் நட்டஈடு எதுவும் வழங்கவில்லை. இறுதியில் 2017 இல் ஒரு சிறு சமரசம் வந்தது. தற்காலிக அனுமதியில் வெளியே வரும் கைதிகளும் மின்னணுக் கண்காணிப்புடன் வீட்டில் இருக்க விடப்பட்டவர்களும் வாக்களிக்கலாம் என்று அரசாங்கம் தெளிவுபடுத்தியது. அதனால் பயன் பெறுபவர்கள் மிகச் சிலரே. ஐரோப்பிய அவை அதை ஏற்றுக்கொண்டு 2018 இல் விவகாரத்தை முடித்து வைத்தது.

ஸ்கொட்லாந்து தனி வழி எடுத்தது. 2020 இல் அங்கு இயற்றப்பட்ட சட்டம் 12 மாதங்களோ அதற்குக் குறைவாகவோ தண்டனை பெற்ற கைதிகளுக்கு ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத் தேர்தலிலும் உள்ளூராட்சித் தேர்தலிலும் வாக்குக் கொடுத்தது. குடியுரிமை எதுவாயினும் சட்டபூர்வமாக அங்கு வாழ அனுமதி பெற்ற வெளிநாட்டவர்களுக்கும், அகதி அந்தஸ்துப் பெற்றவர்கள் உட்பட, வாக்குரிமை வழங்கியது இதே சட்டம்தான்.

பிரித்தானியாவில் வாழும் எமது குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. விளக்கமறியலில் இருப்பவர் இன்னும் குற்றவாளியாகத் தீர்க்கப்படாதவர். அவர் தபால் மூலமோ பதிலாள் மூலமோ வாக்களிக்கலாம். அபராதம் கட்டத் தவறியதற்காகவும் நீதிமன்ற அவமதிப்புக்காகவும் சிறையில் இருப்பவர்களுக்கும் 3 ஆம் பிரிவின் தடை பொருந்தாது. தண்டனையை முடித்தோ நிபந்தனையுடனோ வெளியே வந்தவருக்குத் தடை அன்றே முடிந்துவிடுகிறது. அவர் வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டியது மட்டுமே மிச்சம். ஒத்திவைக்கப்பட்ட தண்டனை பெற்று வெளியே இருப்பவரும் வாக்களிக்கலாம். தேர்தல் மோசடிக் குற்றங்களுக்கு மட்டும் வேறு விதிகள் உள்ளன.

இன்னொன்று. இலங்கை பொதுநலவாய நாடு. ஆகவே பிரித்தானியக் கடவுச்சீட்டு இன்னும் கிடைக்காத இலங்கைக் குடிமக்களும், அங்கு தங்கியிருக்க அனுமதி பெற்றிருந்தால் பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம்.

மற்ற நாடுகள் சுருக்கமாக

சுவிற்சர்லாந்து, நோர்வே, டென்மார்க் ஆகிய நாடுகளில் சிறையில் இருக்கும் குடிமக்கள் வாக்களிக்க முடியும். ஜேர்மனியிலும் அப்படியே. அரசியல் தன்மையுள்ள குறிப்பிட்ட சில குற்றங்களுக்கு மட்டும் நீதிபதி 2 முதல் 5 ஆண்டுகள் வரை வாக்குரிமையை நிறுத்தலாம். பிரான்சில் 1994 க்குப் பின் தண்டனையோடு வாக்குரிமை தானாகப் போவதில்லை. நீதிபதி தனியாக உத்தரவிட்டால்தான் போகும். 2019 ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் அங்கு கைதிகள் சிறையில் இருந்தபடியே தபால் மூலம் வாக்களிக்கும் ஏற்பாடும் தொடங்கியது.

அவுஸ்திரேலியாவில் 2006 இல் கைதிகள் அனைவருக்கும் தடை விதிக்கப்பட்டது. விக்கி றோச் என்ற பூர்வகுடிப் பெண் சிறையில் இருந்தபடியே வழக்குத் தொடுத்து 2007 இல் வென்றார். மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும், அவர்கள் சிறையில் உள்ள காலத்துக்கு மட்டும் தடை என்ற முந்தைய விதி திரும்பியது.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. மெயின், வெர்மொன்ற் ஆகிய இரு மாநிலங்களிலும் வொஷிங்ரன் தலைநகரப் பகுதியிலும் சிறைக்குள்ளும் வாக்களிக்கலாம். பல மாநிலங்களில் விடுதலையோடு உரிமை திரும்பிவிடுகிறது. சிலவற்றில் பரோல் காலமும் முடிய வேண்டும். புளோரிடாவில் பாரிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் வாழ்நாள் முழுவதும் வாக்கிழக்கும் நிலை இருந்தது. 2018 நவம்பரில் அம்மாநில மக்களே ஏறத்தாழ 64 வீத வாக்குகளால் அதை மாற்றினார்கள். கொலை, பாலியல் குற்றங்கள் தவிர்ந்த ஏனையவற்றுக்குத் தண்டனை முடிந்ததும் உரிமை திரும்பும் என்றார்கள். அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் அபராதமும் நீதிமன்றக் கட்டணங்களும் கட்டி முடித்தால்தான் தண்டனை முடிந்ததாகும் என்று சட்டம் செய்தது. 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. காசில்லாதவருக்கு உரிமை இன்னும் எட்டாமலே இருக்கிறது. உரிமை இல்லாதவர் வாக்களிப்பது அங்கு குற்றமும் ஆகலாம் என்பதால், அமெரிக்காவில் வாழ்பவர்கள் தமது மாநிலத்தின் விதியை முதலில் அறிந்துகொள்வது அவசியம்.

குடியுரிமை பெறாதவர்களுக்கு ஒரு குறிப்பு. குற்றத் தீர்ப்பு ஒன்று அவர்களுக்கு வாக்கை விடப் பெரிய ஆபத்தைக் கொண்டுவரும். கனடாவில் நிரந்தர வதிவிட உரிமையுள்ள ஒருவர் ஆறு மாதங்களோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால், நாடுகடத்தல் உத்தரவுக்கு எதிராகக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்லும் உரிமையை இழக்க நேரிடும். பிரித்தானியாவில் 12 மாதங்களோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடுகடத்துவதற்கு 2007 ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. அதற்கு மனித உரிமை, அகதிப் பாதுகாப்பு சார்ந்த விதிவிலக்குகள் உண்டு. குற்றவியல் வழக்கு ஒன்றில் குற்றத்தை ஒப்புக்கொள்ள முன்னர் குடிவரவுச் சட்டத்தரணியிடமும் கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஏன் கொடுக்க வேண்டும்?

‘ஒருவரின் உயிரை எடுத்தவனுக்கு நாட்டை ஆள்பவரைத் தீர்மானிக்கும் உரிமை எதற்கு?’ என்று கேட்பவரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பக்கத்தில் நின்று பார்த்தால் இக்கேள்வி இயல்பாகவே எழும். எமது சமூகத்திலும் பிள்ளைகளை வன்முறைக்குப் பறிகொடுத்த பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களிடம் சட்டப் பிரிவுகளைக் காட்டி ஆறுதல் சொல்ல முடியாது.

ஆனால் நீதிபதி தண்டனை விதிக்கும்போது எதை எடுத்துக்கொள்கிறார் என்று பார்க்க வேண்டும். அவர் எடுப்பது ஒருவரின் நடமாடும் சுதந்திரத்தை. அதற்குக் கால அளவு வைக்கிறார், காரணம் சொல்கிறார், மேன்முறையீட்டுக்கு இடம் வைக்கிறார். பிரித்தானியத் தடை போன்ற ஒன்றில் வாக்கு போவது நீதிபதி சிந்தித்து விதித்ததால் அல்ல. சிறை வாசலைத் தாண்டியதும் அது தானாகப் போகிறது. தேர்தலுக்கு முதல் வாரம் சிறை சென்று அடுத்த வாரம் வெளிவருபவர் அதை இழப்பார். இரு தேர்தல்களுக்கு இடையில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு வருபவர் பொதுத் தேர்தல் வாக்கு எதையும் இழக்காமல் இருப்பார். குற்றத்தின் அளவுக்கும் இழப்பின் அளவுக்கும் தொடர்பே இல்லை.

தென்னாபிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1999 இல் கைதிகளின் வாக்குரிமையை உறுதிசெய்தபோது, நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடியவரான நீதிபதி அல்பி சக்ஸ் தீர்ப்பை எழுதினார். ஒவ்வொரு குடிமகனின் வாக்கும் அவரது கண்ணியத்தின் அடையாளம், எல்லோரும் கணக்கில் எடுக்கப்படுகிறார்கள் என்பதன் சான்று என்று அவர் குறிப்பிட்டார். பெரும்பான்மை மக்களை ஒரு நூற்றாண்டின் பெரும்பகுதி கணக்கிலேயே எடுக்காத ஒரு நாட்டில் எழுதப்பட்டது அது.

தாயகத்தின் சட்டம்

எமக்கும் அந்த அனுபவம் புதிதல்ல. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழ் மக்களின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1952 தேர்தலில் அவர்களுக்கு ஓர் ஆசனமும் இல்லை. தோட்டத்தில் கொழுந்து பறித்த அந்தத் தாய்மார் எந்த நீதிமன்றத்திலும் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவர்கள் அல்லர். எஞ்சியிருந்த நாடற்ற மக்களின் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது.

இனி, தண்டிக்கப்பட்டவர்கள் பற்றி இலங்கை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 89 ஆம் உறுப்புரை வாக்காளராக இருக்கத் தகுதியற்றவர்களைப் பட்டியலிடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்துக்காக, ஆறு மாதங்களுக்குக் குறையாத தண்டனையை அனுபவிப்பவர் அதில் ஒருவர். மரண தண்டனை விதிக்கப்பட்டவரும் அதில் அடங்குவார். அத்தோடு நிற்கவில்லை. அத்தகைய சிறைத்தண்டனையை அனுபவித்து முடித்த பின்னரும் 7 ஆண்டுகளுக்கு அவர் வாக்காளராக முடியாது. முழு மன்னிப்புக் கிடைத்தால் மட்டும் அன்றிலிருந்து தடை நீங்கும். கனடாவும் பிரித்தானியாவும் சிறைக்குள் இருப்பவரைப் பற்றியே வாதாடிக்கொண்டிருக்க, இலங்கை தண்டனையை முடித்து வீடு திரும்பியவரையும் 7 ஆண்டுகள் வெளியே நிறுத்துகிறது.

இதைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் பாரம் புரியும். 1979 இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டு 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட அச்சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள ஓர் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கிறது. அந்த வாக்குமூலம் எப்படிப் பெறப்பட்டது என்பதை எம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 வயதில் கைதான ஒருவர் 10 ஆண்டுகள் விளக்கமறியலில் இருக்கிறார். பின்னர் வாக்குமூலத்தின் பேரில் 5 ஆண்டுச் சிறைத்தண்டனை பெறுகிறார். அதை முடித்து வந்த பின் 7 ஆண்டுகள் காத்திருக்கிறார். வாக்காளர் இடாப்பில் அவர் பெயர் சேரத் தகுதி வரும்போது அவருக்கு 42 வயது.

அந்த முதல் 10 ஆண்டுகளில் சட்டப்படி அவருக்கு வாக்குரிமை உண்டு, ஏனெனில் விளக்கமறியல் தண்டனை அல்ல. ஆனால் சிறையில் இருந்து வாக்களிக்க ஏற்பாடு இல்லாததால் அந்த உரிமை காகிதத்தில் மட்டுமே இருந்தது. தேர்தல் கடமையில் உள்ள அரச ஊழியருக்கும் படையினருக்கும் தபால் வாக்கு உண்டு. அவர்கள் காவல் காக்கும் விளக்கமறியல் கைதிக்கு அது இல்லை.

மன்னிப்பு யாருக்கு எளிதில் கிடைக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா 2010 இல் இராணுவ நீதிமன்றத்தால் 30 மாதச் சிறைத்தண்டனை பெற்றுப் பாராளுமன்ற ஆசனத்தை இழந்தார். 2015 ஜனவரியில் புதிய ஜனாதிபதி வழங்கிய முழு மன்னிப்போடு அவரது குடிமை உரிமைகள் திரும்பின. ஒரு கையெழுத்தில் அது முடிந்தது. தமிழ் அரசியல் கைதிகளின் குடும்பங்கள் அதே கையெழுத்துக்காக ஆண்டுக்கணக்காக வீதியில் நின்றன.

இங்கே எம்மவர்கள் அறிய வேண்டிய நல்ல செய்தி ஒன்றும் உண்டு. போர் முடிந்த பின் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்ட முன்னாள் போராளிகள் பலர், நீதிமன்றம் ஒன்றில் தண்டனை பெறாதவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு 89 ஆம் உறுப்புரையின் இந்தத் தடை பொருந்தாது. முகாமில் இருந்ததனால் வாக்கில்லை என்று நினைத்து ஒதுங்கியிருப்பவர் யாராவது உங்கள் உறவில் இருந்தால், கிராம சேவையாளரிடம் சென்று இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிறைத்தண்டனை முடித்தவராயின் விடுதலையான திகதியிலிருந்து 7 ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். காலம் முடிந்திருந்தால் பெயரைச் சேர்க்கும்படி அவரே கேட்கலாம்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது

நாடு விட்டு வந்த நாமும் ஒருவகையில் இடாப்பிலிருந்து விடுபட்டவர்களே. நாட்டுக்கு வெளியே இருந்தபடி இலங்கைத் தேர்தலில் வாக்களிக்கும் வழி எமக்கு இருந்ததில்லை. எம்மைப் பற்றிய முடிவுகள் நாம் இல்லாத இடத்தில் எடுக்கப்படுவது எப்படியிருக்கும் என்பது எமக்குத் தெரியும். அதனால்தான் புதிய நாட்டில் கிடைத்த வாக்கை இவ்வளவு மதிக்கிறோம். குடியுரிமைச் சத்தியம் செய்த நாளில் எடுத்த படத்தை வரவேற்பறையில் மாட்டி வைக்கிறோம்.

அதே வீட்டில் சிறை சென்று வந்த பிள்ளை ஒருவர் இருந்தால், வாக்களிப்பு நாளில் அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் காரில் ஏறுவது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, வெட்கத்தால். ‘அவனை ஏன் கூட்டிக்கொண்டு போவான், ஆக்கள் பார்ப்பினம்’ என்ற எண்ணத்தால். தண்டனை முடிந்தவரைச் சட்டம் திரும்ப எடுத்துக்கொண்ட பின்னரும் நாம் எடுத்துக்கொள்ளாமல் இருப்பது அவர் மேல் இன்னொரு தண்டனையைச் சுமத்துவதாகும். அதற்கு நீதிபதியும் இல்லை, முடிவுத் திகதியும் இல்லை.

ஆகவே அடுத்த தேர்தலுக்கு முன்னர் சிலவற்றைச் செய்யலாம். கனடாவில் உறவினர் சிறையில் இருந்தால், அவர் கனேடியக் குடிமகன் எனில், தேர்தல் அறிவிக்கப்பட்டதும் சிறைக்குள் வாக்களிப்பு எப்போது என்று அவரிடம் கேளுங்கள். பிரித்தானியாவில் விளக்கமறியலில் இருப்பவருக்குத் தபால் வாக்கு விண்ணப்பத்தைக் காலத்தோடு அனுப்புங்கள். விடுதலையாகி வந்தவர் புதிய முகவரியில் பதிவு செய்தாரா என்று பாருங்கள். அமெரிக்காவில் மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் விதியை வாசித்து, ஐயம் இருந்தால் சட்டத்தரணியிடம் கேட்ட பின்னரே பதிவு செய்யுங்கள். தமிழ்ப் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் வாக்காளர் பதிவு முகாம் நடத்தும் எமது அமைப்புகள், துண்டுப் பிரசுரத்தில் இரண்டு வரிகளை இதற்கு ஒதுக்கினால் நல்லது. முகம் காட்டிக் கேட்கத் தயங்குபவர்கள் அதை வாசித்தாவது அறிந்துகொள்வார்கள்.